எக்ஸ்ரேயில் தெரியாத வலி

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டால் யாருமே சந்தோஷப்பட மாட்டார்கள். அதிலும் இன்றைக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு. முன்வரிசையில் இரண்டு பேர் இப்போதே தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். தூங்குங்கள், தப்பில்லை. ஆனால் தலையை அப்படி முன்னால் தொங்கவிட்டுத் தூங்காதீர்கள். சுவர் ஓரமாகப் போய்ச் சாய்ந்து தூங்குங்கள். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. ஆசிரியப் பணி அனுபவங்கள் பற்றிப் பேசச் சொன்னார். நான்தான் மாற்றிக்கொண்டேன். கழுத்து வலியைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏம்மா, இதையெல்லாம் மேடையில..." என்று இழுத்தார். ஆனால் அந்த வலிக்கும் இந்தச் சங்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு.

நான் 1988-91 இயற்பியல். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் செட்டின் வெள்ளிவிழா 2016 ஜனவரியில் பொங்கல் லீவில் இங்கேதான் நடந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அந்த விபத்து. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மலரும் ஒரு பேனாவும் நினைவுப் பரிசாகக் கிடைத்தன. எனக்கு அவற்றோடு இதுவும் கிடைத்தது.

என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனவள் என் விடுதி அறைத்தோழி. பெயர் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் செட்டில் முதன்முதலாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரவு ஏழரை மணி இருக்கும். ஒரு டோல்கேட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போதெல்லாம் சில்லறை எண்ணிக் கொடுத்துத்தான் தாண்ட வேண்டும். நான் பர்ஸிலிருந்து பணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஒரு சரக்கு வேன் பிரேக் பிடிக்காமல் வந்து முட்டியது.

பெரிய வேகம்கூட இல்லை. கண்ணாடி உடையவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பம்பர் உள்ளே போனது, டிக்கி திறக்கவில்லை, அவ்வளவுதான். வேன் ஓட்டியவன் சின்னப் பையன். இறங்கி ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான். "எங்களுக்கு ஒண்ணும் ஆகலப்பா, பயப்படாதே" என்று நானே சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பாடு வக்கீல் ஒருவர் மூன்று தடவை என்னிடம் திருப்பிக் கேட்டார். என் தோழிதான் கெட்டிக்காரத்தனமாக வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி வலியே இல்லை. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித்தான் எழுந்தேன். யாரோ ராத்திரியில் வந்து என் கழுத்தில் சிமெண்டை ஊற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இந்த மாதிரி அடியில் வலி சில மணி நேரம் கழித்தோ ஒரு நாள் கழித்தோதான் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு நடந்ததை நான் வருஷக்கணக்காக வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். நியூட்டனின் முதல் விதி. நிலைமம். "நின்னுட்டிருக்கிற பஸ் சட்டுன்னு கிளம்பினா ஏன்டா பின்னாடி சாயறோம்?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்! கார் முன்னால் தள்ளப்பட்டது. காரோடு இருக்கை போனது, இருக்கையோடு என் முதுகு போனது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்தது. ஒரு தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. நடுவில் மாட்டிக்கொண்டது ஏழு சின்ன எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான். விலங்கியல் துறை நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி.)

தலை உடனே பின்னால் சாய்ந்துவிடுவதில்லை. மோதிய பிறகு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், கழுத்தின் கீழ்ப்பாதி பின்னாலும் மேல்பாதி முன்னாலுமாக வளைந்து, ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஒரு வடிவத்துக்குப் போகிறது. கழுத்து தன் இஷ்டத்துக்கு ஒருநாளும் அப்படி வளையாது. தசை சுதாரித்துக்கொண்டு இறுகுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1928-இல் ஹெரால்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இந்த அசைவைச் சாட்டை வீச்சோடு ஒப்பிட்டார். ஆங்கிலத்தில் விப்லாஷ் என்கிற பெயர் அப்படி வந்ததுதான். அசைவுக்கு வைத்த பெயரை எல்லோரும் நோய்க்கு வைத்துவிட்டார்களே என்று அவரே பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். நல்ல செய்திதானே? எனக்கு அப்புறம் இரண்டு வருஷத்துக்குத் தொல்லை கொடுத்த வாக்கியம் அதுதான். வீட்டில், "அதான் எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே" என்றார்கள். பள்ளியில் ஸ்டாஃப் ரூமில், பொதுத்தேர்வு வேலை வருகிற நேரம் பார்த்துக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சிலர் சிரித்தார்கள். கால் உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தால் கட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இதற்கு என்ன காட்டுவது?

அந்தக் கழுத்துப்பட்டை, அதாவது காலர், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் போடச் சொன்னார்கள். வலி குறையாததால் நானாகவே ஆறு வாரம் போட்டேன். போட்டிருந்தால்தான் நாலு பேர் நம்புகிறார்கள் என்ற சபலமும் உண்டு, மறைப்பானேன்? அசைக்காமல் வைத்த கழுத்து இன்னும் இறுகிப்போனது, தசை இளைத்துப்போனது. கனடாவில் கியூபெக் மாநிலத்தில் அமைத்த நிபுணர் குழு 1995-லேயே இந்தக் காயத்தை அளவுபடுத்தி ஓர் அறிக்கை கொடுத்தது. எலும்பு முறிவோ நரம்பு பாதிப்போ இல்லையென்றால் காலரை நம்பிக் கிடக்காதீர்கள், வழக்கமான வேலைகளுக்குச் சீக்கிரம் திரும்புங்கள் என்பது அதன் சாரம். அது எனக்குத் தெரிய வந்தபோது வருஷம் 2017.

கழுத்து வலியையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். தலைவலிதான் என்னை ஒரு வழி பண்ணியது. பிடரியில் ஆரம்பிக்கும். வலது காதுக்குப் பின்னால் ஏறி, உச்சியைத் தாண்டி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் டாக்டரிடம் போனேன், கண்ணாடி மாற்றினார். சைனஸ் என்றார்கள், ஆவி பிடித்தேன். பத்து போட்டேன், தைலம் தேய்த்தேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தால் அரை மணி நேரம் சுகமாக இருக்கும். அதை இன்றைக்கும் செய்கிறேன்.

கழுத்தில் அடிபட்டால் கண்ணுக்குப் பின்னால் ஏன் வலிக்கிறது? இதற்கு நம் விடுதி டெலிபோன்தான் சரியான உதாரணம். எங்கள் காலத்தில் விடுதி முழுவதற்கும் ஒரே போன். வார்டன் அறையில் இருக்கும். மழைக் காலத்தில் கிராஸ் டாக் வரும். யாரோ யாருக்கோ பேசுவது நம் காதில் விழும். கழுத்தின் மேல்பக்கத்து மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் போகிற பெரிய நரம்பும் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரே எக்ஸ்சேஞ்சில் வந்து சேர்கின்றன. கழுத்து மூட்டிலிருந்து வருகிற கால், நெற்றியிலிருந்து வருவதாக மூளைக்குக் கேட்கிறது. கழுத்தெலும்புகளின் பின்பக்கம் ஜோடி ஜோடியாகச் சின்ன மூட்டுகள் உண்டு. 1990-களில் ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் போக்டக் என்பவரும் அவருடைய குழுவினரும் அந்த மூட்டுகளுக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்து பார்த்தார்கள். இந்த மாதிரி விபத்துக்குப் பிறகு வருஷக்கணக்காக வலியோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டினார்கள். அந்தச் சேதம் எக்ஸ்ரேயில் தெரியாது. அதைப் படித்த அன்று நான் அழுதுவிட்டேன். வலி குறைந்ததால் இல்லை. நான் பொய் சொல்லவில்லை என்று யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்களே என்றுதான்.

படிப்பதற்கு முன்னால் செய்த முட்டாள்தனங்கள் நிறைய. முதலாவது, மாத்திரை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒன்று, மத்தியானம் ஒன்று, சில நாள் ராத்திரியும் ஒன்று. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்து வைப்பார். ஒரு வருஷம் ஓடியது. தலைவலி வாரத்துக்கு மூன்று நாள் என்பது போய்த் தினமும் ஆனது. 2017-இல் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தேன். அவர் கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?" விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. "போடாத நாளை எண்ணுங்க" என்றார். ஐந்து நாள்கூடத் தேறவில்லை.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொடுக்க ஆரம்பிக்கும். சில கூட்டு மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். தலைவலிக்கு மாத்திரை, மாத்திரையால் தலைவலி. அவர் மேற்பார்வையில் நிறுத்தினேன். முதல் பத்து நாள் நரகம். இருட்டு அறையில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இன்னும் தலை வலிக்கவில்லையே என்று திடீரென்று உறைத்தது.

இரண்டாவது முட்டாள்தனத்திலிருந்து தப்பித்துவிட்டேன். சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். நீவி விடுவார் என்று பார்த்தால், தாடையில் ஒரு கை, பின்தலையில் ஒரு கை வைத்து ஒரே திருப்பாகத் திருப்பப் பார்த்தார். எழுந்து ஓடி வந்துவிட்டேன். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை 'டக்'கென்று முறித்துக்கொள்கிற தம்பிகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் போகின்றன. அந்தத் திருப்பில் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனாலும் ஒரு 'டக்' சத்தத்துக்கு அந்த விலை கொடுக்க வேண்டுமா?

அந்த டாக்டர் அனுப்பியதுதான் பிசியோதெரபிக்கு. என் மாணவி வயசில் ஒரு பெண். மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். 'ஆமாம்' என்று யாருக்கும் தெரியாமல் தலையாட்டுவது மாதிரி, முகவாய்க்கட்டையை ஒரு நூல் அளவு உள்ளே இழுத்துப் பத்து எண்ணும் வரை வைக்கச் சொன்னாள். பத்து தடவை, காலையும் மாலையும். இதுக்கா பஸ் செலவு பண்ணி வந்தேன் என்று நினைத்தேன். இரண்டாவது தடவையிலேயே கழுத்து நடுங்கியது. வெளியே தெரிகிற பெரிய தசைகள் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே எலும்பை ஒட்டியிருக்கிற சின்னத் தசைகள் வேலை செய்வதையே மறந்துவிட்டன என்று விளக்கினாள். கழுத்திலிருந்து வரும் தலைவலிக்காரர்கள் 200 பேரிடம் இந்த மாதிரிப் பயிற்சியைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. எனக்குப் பலன் தெரிய மூன்று மாதம் ஆனது. அதற்குள் இரண்டு தடவை விட்டுவிட்டேன். இரண்டு தடவையும் அந்தப் பெண் போன் பண்ணித் திட்டினாள். ஆசிரியையைத் திட்டுவதில் அவளுக்கு ஒரு தனி ருசி.

இன்னொன்றும் செய்யச் சொன்னாள். அதில்தான் நம் கல்லூரிக்குப் பங்கு இருக்கிறது. வலியை எழுதி வைக்கச் சொன்னாள். நான் ஒரு ரெக்கார்ட் நோட்டு வாங்கி, இங்கே லேபில் எழுதிய மாதிரியே எழுத ஆரம்பித்தேன். நோக்கம், தேவையான பொருள்கள், காட்சிப்பதிவு, முடிவு. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எந்த நேரம், அதற்கு முன்னால் என்ன செய்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் செவ்வாயும் வியாழனும் மட்டும் எட்டு, ஒன்பது. அந்த இரண்டு நாளும் எனக்குத் தொடர்ந்து மூன்று பீரியட். கரும்பலகையின் உச்சியிலிருந்து எழுதுவேன். கையைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. குறைந்த நாள் ஞாயிறு என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும் நாள், கொடி என் தலைக்கு மேலே ஓர் அடி.

கொடியை இறக்கிக் கட்டினேன், ஐந்து நிமிஷ வேலை. கரும்பலகையில் கண்மட்டத்துக்குக் கீழே மட்டும் நான் எழுதுவேன், மேல்பாதி மாணவர்களுடையது. உயரமான பையன்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்து எழுதினார்கள். அந்த வருஷம் அந்த வகுப்புக்குச் சமன்பாடுகள் தலைகீழாகத் தெரிந்ததற்கு நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. விடைத்தாள் திருத்துவதற்கு, அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேசை மாதிரி சாய்வாக ஒரு பலகை ஆசாரியிடம் செய்து வாங்கினேன். நெம்புகோல் தத்துவம்தானே! தலையை முன்னால் தொங்கவிடத் தொங்கவிட, அதே ஐந்து கிலோவைப் பிடித்து நிறுத்தப் பிடரித் தசை பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. இப்போது புரிகிறதா முன்வரிசைக்காரர்களுக்கு? கையில் போனை வைத்துக்கொண்டு மடியைப் பார்த்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கும்தான்.

எல்லாவற்றையும் நிறுத்தி ஓய்வெடுத்த வருஷத்தில் எனக்கு வலி கூடியது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்த வருஷத்தில் குறைந்தது. ஒரு சில நாள் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டு மூன்று நாள் படுத்ததும் உண்டு. நல்ல நாளில் ஆசையை அடக்குவது கெட்ட நாளில் வலியைத் தாங்குவதைவிடக் கஷ்டம்.

ஒன்றை இங்கே தனியாகச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னதெல்லாம் டாக்டர் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு செய்தது. கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றாலோ, இதுவரை வராத மாதிரி ஒரு தலைவலி திடீரென்று வந்தாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி என் தோழி விஷயம். இதைச் சொல்லத்தான் தலைப்பை மாற்றினேன்.

அவளுக்கு அந்த மோதலில் இரண்டு நாள் கழுத்துப் பிடிப்பு, அவ்வளவுதான். ஒரே கார், ஒரே மோதல். எனக்கு மட்டும் ஏன் இப்படி? தன்னால்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுவாள். "கழுத்து எப்படிடி இருக்கு?" என்பாள். ஸ்கேனுக்குப் பணம் கட்டினாள். கடைசியில் காரை விற்றுவிட்டாள். எங்கள் செட்டிலேயே முதலில் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், வேலைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். அன்று காலையில் விடுதி நாள் மாதிரி எல்லோரும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தோம். எனக்கு நாலு முழம் மல்லிகை. ஜனவரியில் மல்லிகை என்ன விலை என்று இங்கிருக்கும் பெண்களுக்குச் சொல்ல வேண்டாம். காரில் உட்கார்ந்ததும் பின்னால் அந்த ஹெட்ரெஸ்ட் பூவை நசுக்கியது. பொத்தானை அமுக்கி அதை அடிவரைக்கும் இறக்கிவிட்டேன். அவள் அப்போது டிக்கியில் பை வைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. அது சுகமாகச் சாய்வதற்கு வைத்தது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன்னிருக்கைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது சுகத்துக்காக இல்லை. பின்னாலிருந்து இடி விழும்போது முதுகோடு சேர்த்துத் தலையையும் முன்னால் தள்ளுவதற்காக. அவள் பக்கம் அது உயர்ந்து இருந்தது. என் பக்கம் கழுத்துக்குக் கீழே இருந்தது, தாங்குவதற்குப் பதில் தலை வளைவதற்கு ஒரு முட்டுக்கட்டையாக.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை, இரண்டு வருஷம். ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் வலியைச் சந்தேகமே இல்லாமல் நம்பியவள் அவள் ஒருத்திதான். அவள் தன்மேல் பழி போட்டுக்கொண்டதால்தான் அப்படி நம்புகிறாள் என்று எனக்கு ஒரு பயம். உண்மையைச் சொன்னால் எட்டு மணி போனும் நின்றுவிடும்.

விபத்து இழப்பீட்டுக்கு வழக்குப் போட்டிருந்தோம். 2018-இல் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், எலும்பு உடையவில்லையே, 'ஒண்ணும் ஆகல' என்று இவரே சொன்னாரே என்று சுற்றி வந்து கடைசியில், "ஹெட்ரெஸ்ட் சரியா இருந்துச்சா?" என்று அவளைக் கேட்டார். அவள், "நான் கவனிக்கலைங்க. என் வண்டி. நான்தான் பார்த்திருக்கணும்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

வெளியே வந்து எதிரில் இருந்த டீக்கடையில் சொன்னேன். பூவுக்காக நான்தான் இறக்கினேன் என்று. என் வக்கீலிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "ரெண்டு வருஷமா நான் பஸ்ல போறேன்டி" என்றாள். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதைச் சொன்னதும் பாரம் இறங்கி வலியும் போய்விட்டது என்று கதை எழுதலாம். போகவில்லை. அந்த மாத நோட்டைப் பார்த்தால் எல்லா நாளும் ஏழுக்கு மேல்தான். வழக்கு லோக் அதாலத்தில் ஒரு சிறு தொகைக்கு முடிந்தது. முடிந்தது எனக்கு நிம்மதி. கனடாவில் சஸ்காச்சுவான் மாநிலத்தில் 1995-இல் வலிக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் முறையை மாற்றியபோது, வழக்குகளும் குறைந்தன, வலிக்காரர்கள் குணமாகும் காலமும் குறைந்தது என்று 2000-இல் ஓர் ஆய்வு வந்தது. 'பார்த்தீர்களா, எல்லாம் காசுக்காக நடிப்பு' என்று அதை எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வலியைப் புதிதாக நிரூபிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே கழுத்து தயாராக இறுகிக்கொள்ளும். கேஸ் முடிந்த பிறகு யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை. நோட்டில் நாலு, மூன்று என்று மார்க் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

எட்டு மாதம் அவள் பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தது. "கழுத்து எப்படிடி இருக்கு?" வேறு ஒன்றும் கேட்கவில்லை, நானும் வேறு ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லடி" என்றேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். முழுசாகப் போகவில்லை. 2008-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இப்படி அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருஷம் கழித்தும் ஏதோ ஓர் அளவில் வலி இருக்கிறது. நான் அந்தப் பாதியில் இருக்கிறேன். மாதத்தில் மூன்று நாலு நாள் தலைவலி உண்டு. மாத்திரை மாதத்துக்கு நாலைத் தாண்டுவதில்லை. ஒரே ஒரு தலையணை. கும்பாபிஷேகத்துக்குப் போய் அண்ணாந்து கோபுரம் பார்த்தால் மறுநாள் கட்டாயம் உண்டு, அப்படியும் பார்க்கிறேன். தலைவலியோடு பாடம் நடத்தியிருக்கிறேன், மகள் கல்யாணத்தில் நின்றிருக்கிறேன், இதோ இப்போதும் லேசாக வலது கண்ணுக்குப் பின்னால் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. செயலாளர் மணியைப் பார்க்கிறார்.

காரில் வந்தவர்கள் இன்று கிளம்பும்போது உட்கார்ந்ததும் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு காதின் மேல்நுனிக்குக் கீழே இருக்கக் கூடாது, உச்சந்தலை அளவுக்கு இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளிக்கு மேல் வேண்டாம். இருக்கையை ரொம்பச் சாய்க்காதீர்கள்.

என் தோழி போன வருஷம் மறுபடியும் கார் வாங்கிவிட்டாள். காலையில் அவள்தான் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள், நாலரை மணிக்கு அவளோடுதான் திரும்புகிறேன். ஏறும்போது, "பூ எங்கடி?" என்று கேட்டாள். மடியில் வாழையிலையில் கட்டி வைத்திருந்தேன். இங்கே வந்து இறங்கித்தான் வைத்துக்கொண்டேன்.